தீர்க்கதரிசிகளுக்கு ஒரு பொன்னாடை

எண்ணெய்க் கம்பெனிக்காரர்களைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. லாப ஆசையில் கண் தெரியவில்லை, நாளைக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை, பூமி சூடாகிறது என்கிற எளிய விஷயம்கூட மண்டையில் ஏறவில்லை என்றெல்லாம் ஏசுகிறார்கள். கேட்கவே மனசு பொறுக்கவில்லை. அறியாமை என்ற குற்றத்தை என் மீது சுமத்துங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வார்டு கவுன்சிலர் மீது சுமத்துங்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எக்ஸான் மீது மட்டும் சுமத்தாதீர்கள். பூமியின் தட்பவெப்பம் எங்கே போகிறது என்பதை அவர்கள் அளவுக்குத் துல்லியமாக அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தவர்கள் உலகத்தில் வெகு சிலர். அந்தப் பெருமையை அவர்களே வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே பொன்னாடையை நாம்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

குலப்பெருமையிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். ஜான் டி. ராக்ஃபெல்லர் 1870-ல் நிறுவிய ஸ்டாண்டர்டு ஆயில்தான் மூல வீடு. வீடு அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்று 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 34 பாகமாகப் பிரித்துவிட்டது. பாகம் பிரிந்த பங்காளிகள் பாசத்தை விடவில்லை. மூத்த வாரிசுகளான எக்ஸானும் மொபிலும் 1999-ல் மறுபடி ஒரே அடுப்பில் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோனகோ என்ற பங்காளி, பிலிப்ஸ் என்ற வெளியாரோடு கூட்டுச் சேர்ந்து அலாஸ்காவில் பெரிய கையாக இருக்கிறார். இண்டியானா கிளையான அமோகோ 1998-ல் பிரிட்டனின் பிபி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது. அந்த வகையில் பிபி நமக்குச் சம்பந்தி முறை. நூற்றைம்பது ஆண்டு தாண்டிய குடும்பம். வாழ்த்த வயதில்லை, வணங்கத்தான் முடியும்.

1959 நவம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க எண்ணெய்த் தொழிலுக்கு நூற்றாண்டுக் கொண்டாட்டம் நடந்தது. சிறப்புப் பேச்சாளர்களில் ஒருவர் எட்வர்ட் டெல்லர். ஹைட்ரஜன் குண்டின் தந்தை என்று பெயரெடுத்தவர், அழிவைப் பற்றிப் பேச எல்லாத் தகுதியும் உள்ளவர். வந்தவர் வாழ்த்திவிட்டுப் போகாமல், நீங்கள் எரிப்பதால் காற்றில் கரியமில வாயு ஏறுகிறது, அது வெப்பத்தைப் பிடித்து வைக்கும், பனிப்பாறைகள் உருகும், இந்த நியூயார்க்கே தண்ணீருக்குள் போகலாம் என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் இப்படிப் பேசினால் நம் ஊரில் மைக்கைப் பிடுங்கியிருப்பார்கள். அவர்கள் பிடுங்கவில்லை. கேட்டுக்கொண்டார்கள். பெரிய மனிதர்களுக்கு அழகு கேட்டுக்கொள்வது.

கேட்டதோடு விட்டுவிடவும் இல்லை. 1977-ல் எக்ஸானின் மூத்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், கம்பெனியின் உச்ச நிர்வாகக் குழு முன்னால் நின்று படம் போட்டு விளக்கினார். எரிபொருள் எரிப்பதுதான் காரணம் என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய கருத்து வேற்றுமை இல்லை என்றார். எரிசக்தி விஷயத்தில் கடினமான முடிவுகள் எடுக்க மனித குலத்துக்கு ஐந்திலிருந்து பத்து ஆண்டு அவகாசம் இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு எழுத்திலும் கொடுத்தார். இதைக் கேட்ட முதலாளிகள் அவரை வேலையை விட்டு அனுப்பினார்களா? இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினார்கள். தங்களுடைய ‘எஸ்ஸோ அட்லாண்டிக்’ என்ற கப்பலில் 1979-ல் கருவிகளைப் பொருத்தினார்கள். ஐந்து லட்சம் டன் கொள்ளும் அந்த ராட்சதக் கப்பல் பாரசீக வளைகுடாவுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்குமாக நடக்கும். நடக்கும் வழியெல்லாம் காற்றிலும் கடல் நீரிலும் எவ்வளவு கரியமில வாயு கரைந்திருக்கிறது என்று அளந்துகொண்டே போகும். வயிறு நிறையக் கச்சா எண்ணெய், மூக்கில் வாயுமானி. தான் சுமக்கும் சரக்கு எரிந்த பிறகு எங்கே போய்ச் சேர்கிறது என்று தானே தேடிப்போன கப்பல் சரித்திரத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை.

அந்த ஆராய்ச்சியில் பிறந்த ஒரு தாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1982 நவம்பர் தேதியிட்டு எக்ஸான் நிர்வாகிகளுக்குள் சுற்றுக்கு விடப்பட்ட விளக்கக் கையேடு அது. அதில் ஒரு வரைபடம். கீழே ஆண்டுகள், பக்கத்தில் கரியமில வாயுவின் அளவு, ஏறிக்கொண்டே போகும் கோடு. 1982-ல் காற்றில் பத்து லட்சத்துக்கு 340 பங்கு என்ற அளவில்தான் அந்த வாயு இருந்தது. கோட்டின் மேல் விரலை வைத்து 2019, 2020 பக்கமாக நகர்த்திக்கொண்டு போனால் ஏறக்குறைய 415 என்ற இடத்தில் நிற்கும். வெப்பம் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும் என்றும் அதே படம் காட்டுகிறது.

2019 மே மாதம், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் இருக்கிற நிலையம் அளந்து சொன்ன எண் 415.

முப்பத்தேழு ஆண்டு முன்னால் போட்ட கணக்கு. நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் ‘ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமானது வரை’ என்று பூசி மெழுகும் உலகத்தில், இப்படி ஆணி அடித்தது போல ஒரு குறி. நாடி ஜோதிடம் பார்க்க வைத்தீசுவரன் கோயிலுக்குப் போகிறவர்கள் அடுத்த முறை டெக்சஸுக்குப் போகலாம். 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் மூன்று ஆய்வாளர்கள் எக்ஸான் விஞ்ஞானிகளின் பழைய கணிப்புகளை எல்லாம் எடுத்துப் பரீட்சை வைத்தார்கள். 63 முதல் 83 சதவீதம் வரை பலித்திருப்பதாக மதிப்பெண் போட்டார்கள். நம்மூர் வகுப்பறைகளில் இது முதல் வகுப்பு.

இத்தனை பெரிய வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் காட்டிய அடக்கம்தான் என்னைக் கண்கலங்க வைக்கிறது. வேறு யாராக இருந்தாலும் தெருவுக்குத் தெரு தட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கையேட்டோடு போன குறிப்பில், இதை வெளியாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. நிறைகுடம் தளும்பவில்லை. 2015-ல் பத்திரிகைக்காரர்கள் பழைய பெட்டிகளைக் கிளறி எடுத்துப் போடும் வரை, முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தளும்பவில்லை.

அடக்கத்துக்கு அடுத்தது துறவு. இது பலருக்குத் தெரியாத கதை. 1973-ல் எலியட் பெர்மன் என்ற வேதியியலாளர் எக்ஸான் பணத்தில் ‘சோலார் பவர் கார்ப்பரேஷன்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு முன் சூரிய மின்தகடு என்பது விண்கலங்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும் நகை. ஒரு வாட்டுக்கு நூறு டாலர் விலை. சிப் தயாரிப்பவர்கள் கழித்துப் போட்ட சிலிக்கான் வில்லைகளை வாங்கி, பெட்டி கட்டுகிற வேலையை எளிமையாக்கி, பெர்மன் அதை இருபது டாலருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஐந்தில் ஒரு பங்கு விலை, இரண்டு மூன்று ஆண்டுக்குள். அதே காலத்தில் நியூஜெர்சியில் எக்ஸானின் ஆய்வுக்கூடத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்ற இளைஞர், திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய லித்தியம் பேட்டரியைச் செய்துவிட்டார். இன்று உங்கள் செல்போனுக்குள்ளும் மின்சார ஸ்கூட்டருக்குள்ளும் இருப்பதன் மூதாதை அது. அதற்காக 2019-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆக, 1970-களின் கடைசியில் ஒரே முதலாளியின் கூரைக்குக் கீழே என்னவெல்லாம் இருந்தன என்று பாருங்கள். நோய் இன்னதென்று சொல்லும் விஞ்ஞானி இருந்தார். வெயிலை மின்சாரமாக்கும் தகடு இருந்தது. அந்த மின்சாரத்தை ராத்திரிக்கு எடுத்து வைக்கும் பேட்டரி இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் கல்லாப்பெட்டியும் இருந்தது. வேறு ஒரு பாவி மனிதனாக இருந்தால் ஆசை கண்ணை மறைத்திருக்கும். அடுத்த நூற்றாண்டின் எரிசக்தித் தொழில் முழுவதையும் வளைத்துப் போட்டிருப்பான். எக்ஸான் அந்த மாயையில் விழவில்லை. 1980-களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை இறங்கியதும் பேட்டரி வேலையை விட்டார்கள். 1984-ல் சூரியத்தகடுக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். காதற்ற ஊசியைக் கண்டு செல்வத்தை விட்டுப் போன பட்டினத்தாருக்குப் பிறகு இப்படி ஒரு துறவை நான் கேள்விப்பட்டதில்லை. பட்டினத்தார் போகும்போது கடையையும் விட்டுவிட்டார் என்பது ஒரு சின்ன வித்தியாசம்.

மூடுவதற்கு முன் அந்தத் தகடுகளை எங்கே பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெர்மனின் தகடுகளுக்கு முதலில் அமைந்த நல்ல வாடிக்கையாளர்கள் மெக்சிகோ வளைகுடாவில் நிற்கும் எண்ணெய் மேடைகள். இரவில் கப்பல் வந்து மோதாமல் இருக்க மேடைகளில் எச்சரிக்கை விளக்கும் ஊதியும் வேண்டும். நடுக்கடலில் மின்கம்பி கிடையாது. கனத்த பேட்டரிகளைப் படகில் கொண்டுபோய் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூரியத்தகடு அந்தச் சிரமத்தை ஒழித்தது. தொழில் சமூகம் இயற்கையோடு ஒத்து நெடுங்காலம் வாழ முடியுமா என்று பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கம் கூட்டித் தொண்டை வறளப் பேசுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே, எண்ணெய்க் கிணற்றின் தலைமேல், வெயிலில், வேலை செய்து காட்டியாகிவிட்டது. கிணற்றுக்கு வெளிச்சம் போட.

பக்கத்து வீட்டுக்காரரான ஷெல்லையும் விட்டுவிடக் கூடாது, மனம் வருந்துவார். 1989-ல் நார்வே கடலோரத்தில் ‘ட்ரோல்’ என்ற எரிவாயு மேடையைக் கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடி முதல் நுனி வரை 472 மீட்டர். மனிதர்கள் நகர்த்திக்கொண்டுபோய் நிறுத்திய பொருள்களிலேயே ஆக உயரமான உருப்படி. பூமி சூடானால் கடல்மட்டம் ஏறுமே, நாளைக்கு அலை வந்து மேடையைத் தொட்டால் என்ன செய்வது என்று அவர்களுடைய பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். மேடையை ஓரிரு மீட்டர் கூடுதலாக உயர்த்த முடிவாயிற்று. செலவைப் பார்க்கவில்லை. அறிவியலை இவ்வளவு பயபக்தியோடு நம்பியவர்களை நான் பார்த்ததில்லை. வங்கக் கடலோரத்தில் குடிசை போட்டிருக்கும் மீனவனுக்குக் கடல் ஏறும் என்ற செய்தி போய்ச் சேர்வதற்கு வெகு முன்பே, வடகடலில் ஒரு கான்கிரீட் மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதே 1989-ல் இன்னொரு நற்காரியமும் நடந்தது. முந்தைய ஆண்டு ஜூன் 23 அன்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க செனட் குழு முன்னால் போய், பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்று போட்டு உடைத்துவிட்டார். ஊர் பதறியது. பதறும் ஊரை ஆற்றுப்படுத்த ‘உலகக் காலநிலைக் கூட்டணி’ என்று ஒரு சங்கம் பிறந்தது. பெயரைப் பார்த்து மரம் நடுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸான், ஷெல், பிபி, நிலக்கரிக்காரர்கள், கார்க்காரர்கள் என்று சான்றோர் பலர் கூடிய சபை. விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, இன்னும் ஆராய வேண்டும், அவசரப்பட்டால் பொருளாதாரம் படுத்துவிடும் என்று பொறுமையாக, பத்து ஆண்டுக்கு மேல், பாடம் நடத்தினார்கள். தங்கள் அலமாரியில் 415 என்று எழுதிய தாளைப் பூட்டி வைத்துக்கொண்டு, வெளியே வந்து ‘எங்களுக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை’ என்று சொல்ல எவ்வளவு பணிவு வேண்டும்! 1998-ல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வட்டாரத்தில் தயாரான ஒரு திட்டக் குறிப்பு, காலநிலை அறிவியலில் நிச்சயமில்லாத பகுதிகளைச் சாதாரணக் குடிமகன் ‘புரிந்துகொள்ளும்’ நாளே வெற்றி நாள் என்று இலக்கு வைத்தது. ஏழை எளியவர்களின் கல்விக்காக இவ்வளவு பாடுபட்ட தொழிலதிபர்கள் அபூர்வம்.

அந்தக் கல்விப் பணியின் உச்சம் 1997 அக்டோபரில் பெய்ஜிங்கில் நடந்தது. உலகப் பெட்ரோலிய மாநாட்டில் எக்ஸான் தலைவர் லீ ரேமண்ட் பேசினார். பூமி இருபது ஆண்டுக்கு முன் இருந்ததைவிட இப்போது குளிர்ந்திருக்கிறது என்றார். இன்றைக்கு நடவடிக்கை எடுத்தாலும் இருபது ஆண்டு கழித்து எடுத்தாலும் அடுத்த நூற்றாண்டின் நடுவில் வெப்பநிலையில் பெரிய வேறுபாடு இருக்கப் போவதில்லை என்றும் சொன்னார். சொந்த வீட்டு ஜோசியர் எழுதிக் கொடுத்த ஜாதகத்தையே பொய்யென்று சபையில் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். இரண்டு மாதத்தில், வாயு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ ஒப்பந்தம் நிறைவேறியது. அதற்கு முன்னதாகவே, அந்த ஜூலையில், வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத எந்த ஒப்பந்தத்திலும் சேரக்கூடாது என்று அமெரிக்க செனட் 95-க்கு பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் போட்டுவிட்டது. நம்முடைய சட்டமன்றங்களில் தங்கள் சம்பள உயர்வுக்கு மட்டும் காணக்கிடைக்கும் ஒற்றுமை.

ரேமண்டுக்குப் பின் வந்த ரெக்ஸ் டில்லர்சன் வேறு மாதிரி. அவர் மறுக்கவில்லை. பூமி சூடாகத்தான் செய்யும், அது ஒரு பொறியியல் பிரச்சினை, பொறியியல் தீர்வு உண்டு, பயிர் விளையும் இடங்கள் மாறினால் மனிதர்கள் பழகிக்கொள்வார்கள் என்று 2012-ல் நியூயார்க்கில் பேசினார். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. இங்கே சூடு தாங்கவில்லை என்றால் விவசாயி வயலைப் பாயாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வடக்கே போய் விரிக்க வேண்டியதுதானே. (டில்லர்சனுக்குச் சுற்றுப்புறத்தின் மேல் அக்கறை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டெக்சஸில் அவருடைய பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் எழும்பியபோது, பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் வேலைக்கு இங்கிருந்து தண்ணீர் போகும், லாரிகள் வரும், சத்தம் கேட்கும், சொத்து மதிப்புக் குறையும் என்று தொடுத்த வழக்கில் அவரும் ஒரு வாதி. அந்த வகை எரிவாயுவை எடுப்பதில் அப்போது அமெரிக்காவில் முன்னணியில் இருந்தது அவருடைய கம்பெனி.) 2017-ல் அவர் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர் ஆனார்.

பொறியியல் தீர்வு என்றதும் அலாஸ்காப் பங்காளி நினைவுக்கு வருகிறார். வட துருவப் பகுதி, உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டாக உறைந்து கிடந்த நிலம் இளகுகிறது. இளகிய சேற்றில் எண்ணெய்க் கிணற்றின் மேடையும் சாலையும் குழாயும் எப்படி நிற்கும்? 2023 மார்ச்சில் அனுமதி கிடைத்த ‘வில்லோ’ திட்டத்தில் சுமார் 60 கோடி பீப்பாய் எண்ணெய் காத்திருக்கிறது. அதை எடுக்க கோனகோபிலிப்ஸ் கண்ட வழி, நிலத்துக்குள் குளிரூட்டும் குழாய்களை நட்டு, மண்ணிலிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி மேலே காற்றில் விட்டு, தரையை மறுபடி உறைய வைப்பது. எண்ணெய் எரித்ததால் இளகிய தரையை, எண்ணெய் எடுப்பதற்காக உறைய வைக்கிறார்கள். எடுத்த எண்ணெய் எரிந்தால் இன்னும் கொஞ்சம் இளகும். இன்னும் கொஞ்சம் குழாய் நடலாம். தொழில் சமூகத்தால் இயற்கையைக் காப்பாற்ற முடியாது என்று யார் சொன்னது? எந்த அளவுக்கு, எத்தனை சதுர அடிக்கு என்பதுதான் கேள்வி.

காற்றில் கலந்த வாயுவைத் திரும்பப் பிடித்து மண்ணுக்குள் அடைக்கும் வித்தையிலும் இதே கைநேர்த்தி. பிடித்த கரியமில வாயுவை வற்றிப்போன எண்ணெய் வயலுக்குள் அழுத்தினால், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய் இளகி மேலே வரும். 1972 முதலே டெக்சஸில் பெரிய அளவில் நடக்கிற தொழில் இது. இதுவரை உலகில் பிடித்த வாயுவில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போயிருக்கிறது. குப்பையைக் குழிதோண்டிப் புதைக்கப் போய், குழியிலிருந்து இன்னொரு கூடை சரக்கோடு வருகிறார்கள். ஆக்சிடென்டல் கம்பெனியின் தலைவி விக்கி ஹோலப் 2023-ல் மறைக்காமல் சொன்னார்: காற்றிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் இந்தத் தொழில்நுட்பம் எங்கள் தொழில் இன்னும் அறுபது, எழுபது, எண்பது ஆண்டு நடக்க உரிமம் தருகிறது என்று. அவர்களுடைய டெக்சஸ் ‘ஸ்ட்ராடோஸ்’ ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 5 லட்சம் டன். ஐஸ்லாந்தில் 2024-ல் திறந்த ‘மாமத்’ ஆலைக்கு 36,000 டன். உலகம் எரிபொருளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் விடுகிறது. வகுத்துப் பார்த்தால், ஐஸ்லாந்து ஆலை ஆண்டு முழுக்கக் குறைவில்லாமல் ஓடினால் உலகத்தின் அரை நிமிஷப் புகையைப் பிடித்துவிடும். டெக்சஸ் ஆலை ஏழு நிமிஷத்தை. மீதி நேரத்துக்கும் ஆலை கட்ட வேண்டியதுதான் பாக்கி.

காலநிலைக்காக நாடுகள் கூடும் வருடாந்திர மாநாடுகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அவற்றின் மரியாதை பிடிக்கும். பெரியவர்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்று நம் வீடுகளில் பெண்கள் கட்டுப்பட்டிருந்த காலம் போய்விட்டது. அந்த மாநாடுகளில் அந்தக் கட்டுப்பாடு வெகு காலம் இருந்தது. 1995-ல் பெர்லினில் தொடங்கி, 2021-ல் கிளாஸ்கோவில் நிலக்கரியின் பெயரை ஒருவழியாக உச்சரித்தார்கள். அதைக்கூட ஒழிப்பது என்று இருந்ததைக் கடைசி நேரத்தில் குறைப்பது என்று மாற்றச் சொன்னது நம்முடைய இந்தியத் தூதுக்குழு. அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. 2025 மார்ச்சில், ஒரே நிதியாண்டில் நூறு கோடி டன் நிலக்கரி எடுத்துவிட்டோம் என்று டெல்லி பெருமிதப்பட்டபோது அந்தப் பங்கு கொஞ்சம் கூடியது. நபருக்கு நாம் விடுவது ஆண்டுக்கு இரண்டு டன், அமெரிக்கர் விடுவது பதினான்கு என்று நமக்குச் சொல்லிக்கொள்ள நியாயம் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள நூறு கோடி டன் இருக்கிறது. எண்ணெயும் எரிவாயுவும் சேர்ந்த புதைபடிவ எரிபொருள் என்ற குடும்பப் பெயரைச் சொல்லி, அதிலிருந்து விலக வேண்டும் என்று தீர்மானம் போட 2023 துபாய் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இருபத்தெட்டாவது மாநாடு. தலைமை தாங்கியவர் அபுதாபியின் தேசிய எண்ணெய்க் கம்பெனித் தலைவர் சுல்தான் அல் ஜாபர். எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்களுக்காகப் பேச வந்தவர்கள் மட்டும் இரண்டாயிரத்து நானூறுக்கு மேல் என்று எண்ணிச் சொன்னார்கள். வியாதியஸ்தரைவிட வியாதியின் சொந்தக்காரர்கள் அதிகம் வந்த மருத்துவமனை. அடுத்த ஆண்டு பாகுவில், விருந்தளித்த நாட்டின் அதிபர் அலியேவ் எண்ணெய் என்பது கடவுள் தந்த கொடை என்று சொல்லித் தொடக்கி வைத்தார். 2025-ல் பெலெமில் நிறைவேறிய முக்கியத் தீர்மானத்திலிருந்து அந்தப் பெயர் மறுபடி மரியாதையாக விலகிக்கொண்டது.

இந்த மாநாடுகளில் நாடுகளும் கம்பெனிகளும் கொடுத்துவிட்டுப் போன உறுதிமொழிகள், இலக்குகள், 2050-க்குள் பூஜ்யம் என்ற வரைபடங்கள் எல்லாவற்றையும் அச்சிட்டு அடுக்கினால் ஒரு பெரிய கூடம் நிறையும். ஔவை போய்ப் பார்த்துப் பாராட்டிய தொண்டைமானின் ஆயுதச்சாலை போல, ஒரு கீறல் இல்லாமல், ஒரு முனை மழுங்காமல், எல்லாம் பளபளவென்று இருக்கின்றன.

சம்பந்தி வீட்டாருக்குக் கடைசியில் மரியாதை செய்வது முறை. பிபி 2000-ல் பச்சையும் மஞ்சளுமாகச் சூரியகாந்திப் பூ போல ஒரு முத்திரையைச் சூடிக்கொண்டு, பெட்ரோலியத்துக்கு அப்பால் என்று முழங்கியது. 2004-ல் இணையத்தில் ஒரு கணக்குப் பொறியை வைத்தது. நீங்கள் எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை விளக்கு, வருஷத்துக்கு எத்தனை பயணம் என்று தட்டினால், இந்தப் பூமி சூடாவதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். கார்பன் காலடித்தடம் என்ற பேச்சை ஊரெல்லாம் பரப்பியதில் அவர்களுடைய விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு பெரிய மனசு! உலகத்தின் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்று, தன் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வீட்டு பல்பைப் பற்றிக் கவலைப்பட்டது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் அவர்களுடைய கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் பீறிட்டது. அதற்கு எத்தனை காலடி என்று அந்தப் பொறியில் தட்டிப் பார்க்க ஒரு கட்டம் இல்லை.

2020-ல் பிபி, எண்ணெய் எரிவாயு உற்பத்தியை 2030-க்குள் 40 சதவீதம் குறைப்போம் என்று அறிவித்தது. 2023 பிப்ரவரியில் அதை 25 சதவீதமாக்கியது. முந்தைய 2022-ல் அவர்கள் லாபம் 2,770 கோடி டாலர், எக்ஸானுடையது சுமார் 5,570 கோடி டாலர், இரண்டும் அதுவரை காணாத உச்சம். 2025 பிப்ரவரியில் குறைக்கும் எண்ணத்தையே கைவிட்டு, எண்ணெய் எரிவாயுவில் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் போடுவதாகவும், பசுமைத் திட்டங்களில் 500 கோடிக்கு மேல் வெட்டுவதாகவும் சொல்லிவிட்டது. 2024-ம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரியைத் தாண்டிய முதல் ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்து அப்போது ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. இந்த நேரத்தில் போய் முடிவை மாற்றுவதற்கும் ஒரு திடசித்தம் வேண்டும்.

வாசகர்களே, அவர்களுக்கு ஆயிரம் வேலை. கிணறு தோண்ட வேண்டும், தரையை உறைய வைக்க வேண்டும், மேடையை உயர்த்த வேண்டும், மாநாட்டுக்குப் போக வேண்டும். உங்களுக்கு என்று அவர்கள் ஒதுக்கிக் கொடுத்திருக்கிற பங்கு ரொம்பச் சின்னது. அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். எழுந்து போகும்போது மறக்காமல் மின்விசிறியை அணைத்துவிட்டுப் போங்கள்.